எழுபது விழுக்காடு தள்ளுபடியும் ஒரு நட்டக் கணக்கும்

பணி ஓய்வுக்குப் பிறகு என் கைப்பேசிக்கு வருபவை பெரும்பாலும் பூப்படம் போட்ட காலை வணக்கங்களும் பாகற்காய்ச் சாற்றின் மகிமைகளும்தான். போன மாதம் தினேஷிடமிருந்து ஒரு கணக்கு வந்தது. தினேஷ், நான் வேலை பார்த்த கூலிம் அலுவலகத்தின் இன்றைய மேலாளர். நான் இருந்த காலத்தில் அவனுக்கு நனைந்த அரிசி மூட்டைக்கும் கெட்டுப்போன அரிசி மூட்டைக்கும் வித்தியாசம் தெரியாது. இப்போது டை கட்டிக்கொண்டு ஆள் எடுக்கிறான்.

எங்கள் தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு கடையில் தீப்பிடிக்கும், அல்லது வெள்ளம் புகும். கடைக்காரர் காப்புறுதி நிறுவனத்திடம் இழப்பீடு கேட்பார். தீ எரிந்ததைவிடக் கேட்கிற தொகை அதிகமாக எரியும். உண்மையில் எவ்வளவு போயிற்று என்று நேரில் பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டுமல்லவா? அதற்குத்தான் நாங்கள். ஏட்டில் எங்கள் பெயர் இழப்பு மதிப்பீட்டாளர். லூனாஸில் என் தெருவில் நான் 'இன்சூரன்ஸ் அக்கா'. கடைக்காரர்கள் வைத்த பெயர்களை இங்கே எழுத முடியாது.

"அக்கா, புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு டெஸ்ட் வைக்கிறோம். இந்தக் கேள்விய கொஞ்சம் பாருங்க லா. முக்காவாசி பேரு தப்பு பண்றாங்க" என்று குரல் பதிவு அனுப்பியிருந்தான்.

கேள்வி இதுதான். ஒரு வியாபாரி, சேலையின் விலைச்சீட்டில் உள்ள விலையில் முப்பது விழுக்காடு தள்ளுபடி கொடுத்து விற்கிறார். அவருக்கு நட்டமா, இல்லையா? தகவல் ஒன்று: சீட்டு விலை இருநூறு வெள்ளி (ரிங்கிட்டை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்). தகவல் இரண்டு: சீட்டு விலை, அசலைவிட அறுபது விழுக்காடு கூடுதல். இதில் விடையைக் கண்டுபிடிக்கச் சொல்வதில்லை. விடை சொல்ல முதல் தகவல் போதுமா, இரண்டாவது போதுமா, இரண்டும் சேர்ந்தால்தான் போதுமா, இல்லை எதுவுமே போதாதா என்று சொன்னால் மதிப்பெண்.

இரண்டாவது மட்டும் போதும். அசல் நூறு என்றால் சீட்டு நூற்றறுபது. அதில் முப்பது விழுக்காடு, அதாவது நாற்பத்தெட்டு, கழிந்தால் நூற்றுப் பன்னிரண்டு. லாபம்தான். சேலை இருநூறு வெள்ளியானாலும் இரண்டாயிரமானாலும் இதே கதைதான். பிள்ளைகளோ இரண்டும் வேண்டும் என்று எழுதுகிறார்கள். வெள்ளிக் கணக்கு கண்ணில் பட்டுவிட்டால் அதை விட்டுவர யாருக்கு மனம் வரும்? ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் தேதி என்று இணையக் கடைச் செயலியில் தள்ளுபடி போட்டதும், காலில் சேராத சப்பாத்தை வாங்கி மாட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தவன்தானே இந்தத் தினேஷ்.

கணக்கில் தப்பில்லை. ஆனால் இதைத் தீர்த்தவன் எங்கள் வேலைக்குத் தகுதி என்று நினைத்தால் அது பெரிய தப்பு. கேள்வித்தாளில் 'தகவல் இரண்டு' என்று போட்டிருந்தால் அது சத்தியம். நான் முப்பது வருடத்துக்கு மேல் பார்த்த தகவல் ஒன்று, தகவல் இரண்டு எல்லாம் பணம் வாங்க வேண்டியவரின் வாயிலிருந்தோ, பணம் கொடுக்க விரும்பாதவரின் வாயிலிருந்தோ வந்தவை. இதை நான் சொன்னதும் தினேஷ், "அப்ப அத எழுதிக் குடுங்க அக்கா, பிள்ளைங்க படிக்கட்டும்" என்றான். கேட்டது அவன், அனுபவிக்கப் போவது பிள்ளைகள்.

நான் லூனாஸுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்து, தட்டச்சு கற்று, கூலிமில் அந்த அலுவலகத்தில் சேர்ந்தேன். தட்டச்சு செய்த அறிக்கைகளில் பொய் எங்கே இருக்கிறது என்று மூக்கில் வியர்க்கத் தொடங்கியதும், அந்தோணிசாமி சார் என்னை வெளிவேலைக்கு இழுத்துக்கொண்டார். நாங்கள் அவரைப் 'பாஸ்' என்போம்.

பாஸ் ஒல்லி. தீப்பிடித்த கடைக்குள்ளும் வெள்ளைச் சட்டையோடுதான் போவார், கறையில்லாமல் திரும்புவார். மடக்கு முக்காலி ஒன்றும் தேநீர்க் குடுவை ஒன்றும் அவரே தூக்கி வருவார். கடைக்காரர் கொடுக்கும் நாற்காலியில் உட்காரமாட்டார், தேநீரைத் தொடமாட்டார். கால்குலேட்டரைக் காரிலேயே வைத்துவிட்டு வரவேண்டும் என்பது சட்டம்.

"கையில கால்குலேட்டர் இருந்தா விரலு சும்மா இருக்காது சரோஜா. போதுமா போதாதான்னு தெரியறதுக்கு முன்னாடியே ஒரு தொகை வந்து நிக்கும். வந்துருச்சுன்னா அப்புறம் அதையே கட்டிக்கிட்டு அழுவ" என்பார்.

அறிக்கைத் தாளை அவர் நெடுக்காக மூன்று பத்திகளாகப் பிரிப்பார். முதல் பத்தியில் தகவல். இரண்டாவதில், யார் சொன்னது. மூன்றாவதில், அது உண்மையானால் யாருக்கு ஆதாயம். சொன்னவருக்கே ஆதாயம் என்றால் பேனா மூடியால் அந்த வரியைத் தட்டிவிட்டு அடுத்ததற்குப் போவார். சொன்னவருக்கு நட்டம் வரும்படியான வரி ஒன்று கிடைத்தால் போதும், அதன் அடியில் கோடு போடுவார். முழு அறிக்கையில் ஒரு கோடு விழுந்தால் எனக்கு அன்று பண்டிகை.

என் முதல் தீ, ஒரு தளவாடக் கடை. நாற்பது நாற்காலி எரிந்தது என்று எழுதினேன். "யாரு சொன்னது?" என்றார். கடைக்காரர் என்றேன். என்னைச் சாம்பலில் உட்கார வைத்து ஆணி பொறுக்க விட்டார். மரம் எரியும், ஆணி எரியாது. பொறுக்கிய ஆணி ஒரு டஜன் நாற்காலிக்குக்கூடத் தேறவில்லை. ஜித்ராவில் இன்னொருவர், மின்சாரம் போய்க் குளிர்ப்பெட்டியிலிருந்த கோழியெல்லாம் அழுகிவிட்டது, பின்கட்டில் கொட்டிவிட்டேன் என்று கண்ணீர் விட்டார். பாஸ் பின்கட்டுக்குப் போய் எட்டிப் பார்த்தார். அங்கே ஒரு பூனை எலும்பும் தோலுமாகப் படுத்திருந்தது. காருக்கு வந்துவிட்டோம்.

நான் சொல்ல வந்தது பண்டார் பாருவில் நடந்தது.

தீபாவளிக்கு முந்திய மழையில் ஆறு பெருகி ஊருக்குள் வந்தது. ஹாஜி சிக்கந்தரின் துணிக்கடையில் இடுப்பளவு தண்ணீர். சுற்றியிருந்த செம்பனைத் தோட்டத்துச் சனங்களெல்லாம் தீபாவளிக்கு அங்கேதான் துணி எடுப்பார்கள். கடைவாசலில் ஒரு பதாகை தொங்கும்: 'கடை மூடுகிறோம்! அசலுக்கும் கீழே! எழுபது விழுக்காடு தள்ளுபடி!' மலாயில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. நான் அந்த வழியாகப் போகத் தொடங்கிய காலத்திலிருந்தே கடை மூடப்பட்டுக்கொண்டிருந்தது. பதாகை வெயிலில் வெளுத்து, அதே வாசகத்தோடு புதிதாக மாற்றப்பட்டதையும் பார்த்திருக்கிறேன்.

மேல் தட்டுகளில் இருந்த சேலைகள் தப்பின. கீழே இருந்ததெல்லாம் சேறு. இழப்பீடு வந்தால்தான் தீபாவளிக்குப் புதுச் சரக்கு எடுக்க முடியும். தீபாவளி வியாபாரம் போனால் அந்தக் கடைக்கு வருடமே போயிற்று. அதாவது, பணம் வராவிட்டால் அந்தப் பதாகை முதன்முறையாக உண்மை பேசிவிடும்.

ஹாஜியார் விண்ணப்பத்தில் என்ன செய்திருந்தார் என்றால், நனைந்த ஒவ்வொரு சேலைக்கும் சீட்டில் இருந்த முழு விலையை அசல் என்று எழுதியிருந்தார். கோலாலம்பூரில் இருந்த காப்புறுதி அதிகாரி கடைவாசல் படத்தைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் சிரித்தார். எழுபது விழுக்காடு தள்ளி விற்கும் சேலைக்கு முழு விலை கேட்கும் ஆள் மோசடிக்காரர், ஒரு காசு கிடையாது, போய்ப் பார்த்துவிட்டு அப்படியே எழுதிவிடுங்கள் என்றார். மூன்றாவது பத்தியில் அவர் பெயரையும் எழுதும்படி பாஸ் என்னிடம் சொன்னார்.

நாங்கள் போய் இறங்கியபோது வாசலில் தோட்டத்துப் பெண்கள் கூட்டம். ஹாஜியார் ஏணிமேல் நின்று புதுப் பதாகை கட்டிக்கொண்டிருந்தார்: 'வெள்ளத் தள்ளுபடி! தொண்ணூறு விழுக்காடு!' நாங்கள் பார்ப்பதற்கு முன் நனைந்த சரக்கு கைமாறினால் இழப்பீடே இல்லை என்பது அவருக்கு எழுத்தில் போயிருந்தது. தெரியாமல் செய்யவில்லை. வாசலில் பத்துப் பெண்கள் நின்றால் அவர் கை தானாக ஏணியைத் தேடும்.

"எறங்குங்க ஹாஜியார்" என்றார் பாஸ். பெண்களைப் பார்த்து, "இன்னிக்கு வியாபாரம் இல்லம்மா" என்றார். யாரும் நகரவில்லை. முழங்காலளவு ரப்பர்க் காலணியோடு முன்னால் நின்ற ஒரு அக்கா, "நாங்க சும்மா பாக்குறோம் சார்" என்று பாதி இறக்கிய இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டாள். அவள் பெயர் லெட்சுமி என்று அன்றே தெரிந்துகொண்டேன். மறக்கக்கூடிய ஆள் இல்லை.

பாஸ் முக்காலியைச் சேற்றில் ஊன்றி உட்கார்ந்தார். நான் பத்தி போட்டேன். பதாகை சொல்கிறது: அசலுக்குக் கீழே விற்கிறேன். வருமானவரிக் கணக்கு சொல்கிறது: லாபமும் இல்லை, பெரிய நட்டமும் இல்லை. வங்கிக்குக் கொடுத்த தாள் சொல்கிறது: அமோக லாபம், இரண்டாவது கடை திறக்கப் போகிறேன். காப்புறுதி விண்ணப்பம் சொல்கிறது: சீட்டு விலையே அசல். வீட்டில் என்ன சொல்லியிருந்தார் என்று நாங்கள் விசாரிக்கவில்லை. கொள்முதல் ரசீதுகள் கூழாகிவிட்டன. அவை இருந்திருந்தாலும் பயனில்லை. பினாங்கில் மொத்த வியாபாரியிடம் கலவையாக மூட்டை மூட்டையாக எடுத்த சரக்கு, ஒரு சேலை என்ன விலை என்று அதில் இருக்காது.

"தகவலு குறைச்சல் இல்ல பாஸ், கூடிப்போச்சு" என்றேன்.

"கோடு போட ஒண்ணாவது இருக்கா?"

இல்லை. ஒவ்வொரு வரியும், கேட்டவர் முன்னால் ஹாஜியாருக்கு ஆதாயமான வரிதான். ஹாஜியார் ஒரு நனைந்த பட்டுப்புடவையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் போச்சு சார், அசலே எரநூத்தி எம்பது வெள்ளி சார்" என்று அழுதார். கண்ணில் தண்ணீர் இருந்தது, பாதி சத்தியமாகவும் இருந்தது.

பாஸ் குடுவையிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டார். பிறகு சம்பந்தமே இல்லாமல் கேட்டார்.

"சரோஜா, தீவாளிக்குச் சேலை எடுத்தாச்சா?"

"இல்ல பாஸ்."

"மேல் தட்டுல நனையாதது இருக்கே. ஒண்ணு எடேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் கேட்ட கணத்தில் ஹாஜியாருக்குப் புரிந்துவிட்டது. அழுகை எங்கே போனதோ. ஏணியை நகர்த்தி, மாம்பழ நிறத்தில் ஒரு சேலையை எடுத்து, சேறு படாமல் மேசைமேல் ஓர் உதறு உதறினார். சேலை அலையாய் விரிந்தது. சீட்டில் இருநூற்றெண்பது.

"எழுபது விழுக்காடு போக எம்பத்தி நாலு வெள்ளி தாயி. காலையில மொத வியாபாரம், எம்பது குடு."

அந்தக் காலையில் அது கடைசி வியாபாரமாகவும் இருக்கும் என்பதை நான் சொல்லவில்லை. "நாப்பது" என்றேன்.

"நாப்பதா! அசலே நூறு வெள்ளி தாயி. ஒங்களுக்கெல்லாம் நட்டத்துக்கு வித்து வித்துத்தான் நான் இப்படி நிக்கிறேன்."

ஒன்று கவனித்தேன். இத்தனை பேசினாலும் அவர் ஆண்டவன் மேல் ஆணை மட்டும் வைக்கவில்லை. எப்போதும் வைக்கமாட்டார் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

நான் பையைத் தூக்கிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தேன். கதவுக்கு அப்பாலிருந்து லெட்சுமி அக்கா, "நடந்துகிட்டே இரு தங்கச்சி, திரும்பிப் பாக்காத!" என்றாள். காப்புறுதித் தேர்வில் இதெல்லாம் சொல்லித் தருவதில்லை. ஹாஜியார் கூப்பிட்டார். எழுபது. மறுபடி நடந்தேன். அறுபத்தைந்து. கதவுக்கு வெளியே ஒரு கால் வைத்தேன். அறுபது.

"அம்பத்தஞ்சு" என்றேன்.

அவர் சேலையின் இரு முனைகளைச் சேர்த்து, நீளவாக்கில் நீவி, மடிக்க ஆரம்பித்தார்.

"மடிக்கிறாரு!" என்று வாசலில் பல குரல்கள். "விட்ரு தங்கச்சி, அறுபதுக்கு எடுத்துக்க" என்றாள் லெட்சுமி அக்கா. "மடிக்க ஆரம்பிச்சிட்டாருன்னா அதுக்கு மேல எறங்க மாட்டாரு லா. எங்கம்மா காலத்துலேர்ந்து பாக்குறோம்."

பாஸ் இன்னொரு சேலையைக் காட்டினார். இன்னொரு சீட்டு, இன்னொரு நடை, இன்னொரு மடிப்பு. ஐந்தாறு சேலைக்கு இதே கூத்து. ஒவ்வொன்றும் சீட்டு விலையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே வந்ததும் கை மடிப்புக்குப் போனது. வாசலில் ரசிகர்கள் கூடிக்கொண்டே போனார்கள்.

"பாஸ், இது போதும்" என்றேன் மூச்சு வாங்க.

"போதாது. இதுக்குக் கீழ விக்க மாட்டாருன்னு தெரியுது. அசல் தெரியல. அறுபதுல அவருக்கு எவ்வளவு நிக்குதுன்னு அவருதான் சொல்லணும்."

ஹாஜியார் பக்கம் திரும்பினார். "ஹாஜியார், ரெண்டே வழிதான். விண்ணப்பத்துல எழுதினதையே பிடிச்சிக்கிட்டு நின்னீங்கன்னா ஒரு காசு வராது, கடைய மூடணும். இல்ல, அத வாபஸ் வாங்கிக்கிட்டு அசலச் சொல்லுங்க. அந்த அசலுக்கு நான் பேசுறேன். எழுதிக் கையெழுத்து போடணும். சாட்சி முன்னாடி வாசிக்கணும்."

ஹாஜியார் பாஸைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. பணம் குறைவதைப் பற்றிய பயமில்லை அது. அந்த வாசலில் நின்றவர்களிடம் அவர் வருடக்கணக்காகச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: உங்களுக்காக நான் நட்டப்படுகிறேன். அவர்களும் ஒவ்வொரு தீபாவளிக்கும் 'பாவம் ஹாஜியார்' என்று சொல்லிக்கொண்டே காசை எண்ணிக் கொடுத்தார்கள். அந்தப் 'பாவம்' போய்விட்டால் கடை இருந்தென்ன என்று நினைத்திருப்பார்.

"கதவ எறக்கிட்டுச் சொல்லலாமா சார்?" என்றார்.

"சாட்சி வேணும்" என்றார் பாஸ். சில சமயம் அந்த மனிதரைச் சேற்றில் தள்ளிவிடலாமா என்று எனக்குத் தோன்றும். அன்றும் தோன்றியது.

ஹாஜியார் மடித்த சேலையை மேசைமேல் வைத்தார். "அறுபதுன்னு மடிச்சேன். அதுதான் அசல்னு சொன்னாலும் நீங்க நம்புவீங்க. அம்பத்தஞ்சு சார். அஞ்சு வெள்ளி எனக்கு நிக்கும். மூட்டையப் பிரிச்ச அன்னிக்கே மனசுல அசலப் போட்டுக்குவேன். அத அஞ்சால பெருக்கி, அழகுக்குக் கொஞ்சம் சேத்துச் சீட்டுல எழுதுவேன். எல்லாச் சேலைக்கும் அப்படித்தான்."

பாஸ் கோடு போட்டார். ஐம்பத்தைந்தை ஐந்தால் பெருக்கினால் இருநூற்றெழுபத்தைந்து, அழகுக்கு ஐந்து. எழுபது விழுக்காடு தள்ளினாலும் எண்பத்துநான்கு. கடை மூடும் விலையிலும் இருபத்தொன்பது வெள்ளி லாபம். இனி நனைந்த சேலைகளின் சீட்டைப் பார்த்தால் போதும், ஒவ்வொன்றின் அசலும் வந்துவிடும்.

நான் எழுதினேன். பாஸ் எழுந்து நின்று, நீதிமன்றத்தில் வாசிப்பதுபோல் உரக்க வாசித்தார்: "என் கடையில் எந்தச் சேலையையும் நான் அசலுக்குக் கீழே விற்றதில்லை. எந்தத் தள்ளுபடியிலும் எனக்கு நட்டம் ஏற்பட்டதில்லை."

ஹாஜியார் பேனாவைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்தே நின்றார்.

லெட்சுமி அக்காதான் வாயைத் திறந்தாள். "அட, கையெழுத்தப் போடுங்க ஹாஜியாரே. நட்டத்துல வித்திருந்தா நீங்க எப்பவோ கடைய மூடிட்டுப் போயிருப்பீங்க. எங்களுக்குத் தெரியாதா? அப்புறம் நாங்க தீவாளிக்கு எங்க போறது?"

"தெரிஞ்சுகிட்டா பாவம் பாவம்னு சொன்னீங்க?"

"நீங்க அவ்வளவு ஆசையா சொல்லும்போது இல்லேன்னா சொல்றது?"

அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை. ஹாஜியார் கையெழுத்துப் போட்டார்.

கோலாலம்பூர் அதிகாரி எளிதில் விடவில்லை. முதலில் பொய்க் கணக்குக் கொடுத்தவர் கொடுத்தவர்தான் என்று நின்றார். பாஸ் ஒரே பக்கத்தில் பதில் எழுதினார். தட்டச்சு செய்தது நான். 'இவர் சீட்டில் எழுதும் விலையை இவரே நம்புவதில்லை. பண்டார் பாருவில் யாரும் நம்புவதில்லை. கோலாலம்பூரில் மட்டும்தான் நம்பியிருக்கிறார்கள். வருடா வருடம் அதே விலைக்குக் காப்புறுதிக் கட்டணமும் வாங்கியிருக்கிறார்கள்.' கடைசி வரிக்குப் பிறகு தொலைபேசியில் சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை. கேட்டதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் பணம் வந்தது. ஆனால் வந்தது. சரக்கு எடுக்கப் போதுமானதாக இருந்தது.

தீபாவளிக்கு முந்திய வாரம் நான் என் காசில் ஒரு சேலை எடுக்கலாமென்று போனேன். வாசலில் புதுப் பதாகை: 'வெள்ளத்தால் பெரும் நட்டம்! கடை மூடுகிறோம்! எழுபது விழுக்காடு தள்ளுபடி!' உள்ளே நிற்க இடமில்லை. ஹாஜியார் ஏணிக்கும் மேசைக்குமாகப் பறந்துகொண்டிருந்தார். மேசைக்கு முன்னால் லெட்சுமி அக்கா, மேல் தட்டில் தப்பிய அதே இருநூற்றெண்பது வெள்ளிச் சேலையை விரித்துப் போட்டுக்கொண்டு நின்றாள். வாசல்வரை இரண்டு தடவை நடந்து திரும்பியிருந்தாள். விலை அறுபதில் நின்றது.

"அம்பத்தஞ்சு" என்றாள்.

ஹாஜியார் பெருமூச்சு விட்டார். சேலையின் முனைகளைச் சேர்த்து நீவத் தொடங்கினார்.

லெட்சுமி அக்கா சேலையின் மறுமுனையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "மடிக்காதீங்க ஹாஜியாரே. இன்னும் அஞ்சு வெள்ளி இருக்கு."

ஹாஜியார் மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் அவசரமாக ரவிக்கைத் துணிப் பக்கம் போய்விட்டேன்.